மீட்ட நிலத்தில் பறவை எண்ணப் போகிறீர்களா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பறவைக் கணக்கெடுப்புக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “எனக்குப் பறவைப் பேரெல்லாம் தெரியாதே, வரலாமா?” தாராளமாக வரலாம். காகம், மைனா, கொக்கு, குயில், செம்போத்து, மீன்கொத்தி என்று பத்துப் பறவையாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீட்டெடுத்த நிலங்களில் நடக்கும் கணக்கெடுப்புக்கு அரிய பறவையைத் தேடிப் பிடிக்கும் கில்லாடிகள் அவசியமில்லை. போன மாதம் நின்ற அதே இடத்தில் அதே பத்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட காகத்தையும் விடாமல் எண்ணி எழுதுகிற ஆள்தான் வேண்டும்.

மீட்ட நிலம் என்று நான் சொல்வது, குப்பை கொட்டியோ சீமைக் கருவேலம் மண்டியோ மரம் வெட்டுப்பட்டோ கெட்டுப்போன ஓர் இடத்தில், அந்த மண்ணுக்கே உரிய செடி கொடிகளையும் நீரோட்டத்தையும் திரும்பக் கொண்டுவர முயன்ற நிலத்தை. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் அமைத்து 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அப்படி ஒன்று. புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில், வெறும் செம்மண் மேடாகக் கிடந்த இடத்தில் வளர்த்தெடுத்த காடு இன்னொன்று. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000-களின் தொடக்கத்திலிருந்து நாற்று நட்டு வருகிறது. இவை பெயர் தெரிந்தவை. ஏரிக்கரை, கல்லூரி வளாகம், கைவிட்ட கல்குவாரி என்று ஊருக்கு ஊர் சின்னச் சின்ன இடங்களும் உண்டு. இவற்றில் எத்தனை கன்று நட்டார்கள் என்ற கணக்கு எல்லோரிடமும் இருக்கும், பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும். நட்டபின் அங்கே யார் குடிவந்தார்கள் என்ற கணக்குத்தான் பல இடங்களில் இருக்காது.

முதலில் நிலத்தின் கதையைக் கேளுங்கள்

பைனாகுலரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? எந்த ஆண்டு வேலை தொடங்கியது? எதை வெட்டினார்கள், எதை நட்டார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதை நடத்துபவர்களிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே வேலை செய்யும் காவலாளியிடமும் தோட்டக்காரரிடமும் கேளுங்கள். “ஐயா, இந்தக் குட்டையில எப்போ தண்ணி வத்தும்?” என்று கேட்டால் எந்த அறிக்கையிலும் இல்லாத பதில் கிடைக்கும்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: இந்த நிலம் கெடாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? சென்னையிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டி என்றால் வீரை, காசான், பாலை, கருங்காலி, களா, காரை எல்லாம் நெருங்கி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. கோயில் காடுகளில் இன்னமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோயில் காடு இருந்தால், வருடத்துக்கு இரண்டு முறையாவது அங்கேயும் இதே முறையில் எண்ணுங்கள். பக்கத்திலேயே இன்னும் கை வைக்காத சீமைக் கருவேலங்காடு இருந்தால் அங்கேயும் எண்ணுங்கள். வால்பாறைப் பகுதியில் ஆய்வாளர்கள் இப்படித்தான் செய்தார்கள். நட்டு மீட்ட துண்டு, தானாக வளரட்டும் என்று விட்ட துண்டு, நல்ல நிலையில் உள்ள காடு என மூன்றையும் ஒரே முறையில் எண்ணி ஒப்பிட்டார்கள். நட்டு மீட்ட இடங்களின் பறவைகள்தான் நல்ல காட்டின் பறவைகளை அதிகம் ஒத்திருந்தன. ஒப்பிட வேறோர் இடம் இல்லாமல், “எங்கள் பூங்காவில் 80 வகைப் பறவை” என்று சொல்வதால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மரம் நட்டதெல்லாம் மீட்பு ஆகிவிடாது. வறண்ட புல்வெளியும் முள்புதர்க்காடும் தம்மளவில் முழுமையான வாழிடங்கள். அங்கே கவுதாரியும் வானம்பாடியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடும். அதைத் “தரிசு” என்று சொல்லி நெருக்கமாக மரம் நட்டால் அவை வெளியேற வேண்டியதுதான். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மட்டுமே வாழ்வது. அங்கே மீட்பு என்றால் பரவிவிட்ட வாட்டில் என்ற அயல்நாட்டு மரங்களை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது. ஆகவே உங்கள் இடத்தில் எந்தப் பறவைகள் வந்தால் நல்ல செய்தி என்பது நிலத்துக்கு நிலம் மாறும்.

அனுமதி, ஆள், சாமான்

அனுமதி இல்லாமல் எங்கேயும் நுழையாதீர்கள். வனத்துறை நிலம் என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சிப் பூங்கா, அறக்கட்டளை, கல்லூரி என்றால் அவரவர் பொறுப்பாளரிடம். ஒரு நாளைக்கு என்று கேட்காமல், “ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பது மணி வரை, ஆறு பேர்” என்று ஓர் ஆண்டுக்குச் சேர்த்துக் கேட்பது நல்லது. வாசல் திறக்கும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். எட்டு மணிக்குத்தான் கேட் திறப்போம் என்றால் பறவைக் கணக்கெடுப்புக்கு அது பாதிக் காலை போனது மாதிரி. கழிப்பறை எங்கே என்றும் கேட்டு வையுங்கள். இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. இரண்டாவது மாதம் பெண்கள் வராமல் போவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 அல்லது 8x32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10x இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் குறுகும். கடைத்தெருவில் விற்கும் 50 மடங்கு ஜூம் வகையறாக்கள் பக்கம் போகவே வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு பேருக்கு ஒன்று போதும். பயன்படுத்தத் தெரியாமல் பலர் “எனக்கு எதுவுமே தெரியலை” என்று கழற்றி வைத்துவிடுவார்கள். வித்தை ஒன்றுதான்: பறவையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பார்வை அங்கேயே இருக்க, பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை அங்கே இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது.

மற்றபடி மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பி, தண்ணீர், கையடக்க நோட்டு, பென்சில். மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது.

முதல் இருபது பறவைகள்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கற்க முயலாதீர்கள். உங்கள் இடத்தில் எப்போதும் இருக்கும் இருபது பறவைகளைப் பார்வையாலும் குரலாலும் தெரிந்துகொண்டால், ஒரு காலையில் எண்ணுவதில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். சமவெளியில் அந்த இருபது அநேகமாக இப்படி இருக்கும்: காகம், அண்டங்காக்கை, மைனா, மாடப்புறா, புள்ளிப்புறா, பச்சைக்கிளி, குயில், செம்போத்து, பனங்காடை, பஞ்சுருட்டான், வெண்மார்பு மீன்கொத்தி, குக்குறுவான், கரிச்சான், வால்காக்கை, சின்னான், தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, ஆள்காட்டி, கரும்பருந்து. நீர் இருந்தால் மடையான், உண்ணிக்கொக்கு, கானாங்கோழி, தாழைக்கோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரலைக் கற்பதைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் மீட்ட நிலத்துக்கே உரியது. நட்டு இரண்டு வருடத்தில் கன்று இடுப்பளவு இருக்கும், எல்லாப் பறவையும் கண்ணுக்குத் தெரியும். ஏழெட்டு வருடத்தில் இலை அடர்ந்துவிடும், பாதிப் பறவை காதுக்கு மட்டும்தான் கிடைக்கும். குரல் தெரியாதவர் எண்ணினால் காடு வளர வளரப் பறவை குறைவதுபோல் தாளில் தெரியும். அது நிலத்தின் மீது நாமே போடும் பொய்வழக்கு. இதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் பார்த்ததா, கேட்டதா என்று குறிக்கச் சொல்கிறோம். “பா”, “கே” என்று ஓர் எழுத்து போதும்.

எங்கே நிற்பது, எப்படி அளப்பது

தமிழ்நாட்டில் பெரும்பாலான குழுக்கள் ஒரு பாதையில் நடந்துகொண்டே பார்த்ததை எல்லாம் எழுதும். பொழுது இனிமையாகப் போகும், பறவைகளும் பழகும். மாற்றத்தை அளக்க வேண்டுமானால் புள்ளிக் கணக்கெடுப்பே மேல். நிரந்தரமாகச் சில இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் குறித்த நிமிடம் நின்று, குறித்த தூரத்துக்குள் இருப்பதை எண்ணுவது.

ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் குறைந்தது 200 மீட்டர் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே குக்குறுவானின் குரல் இரண்டு புள்ளியிலும் ஏறிவிடும். இப்படிப் பார்த்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 4 ஹெக்டேர் ஆகிறது. 58 ஏக்கர் என்பது சுமார் 23 ஹெக்டேர், அதில் ஐந்து புள்ளிக்கு மேல் வராது. இருக்கட்டும், ஐந்தே போதும். இடம் ஐந்து ஏக்கரோ அதற்கும் குறைவோ என்றால் புள்ளியெல்லாம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் செய்வதுபோல் 2 ஹெக்டேர் பரப்பை 20 நிமிடம் சுற்றித் தேடி எண்ணுங்கள். ஊருக்குள் மியாவாக்கி என்ற பெயரில் நெருக்கி நட்ட குட்டிக் காடுகளுக்கு இந்த முறைதான் சரிப்படும். அவற்றில் எத்தனை இந்த மண்ணின் மரம் என்பது வேறு பேச்சு.

புள்ளிகளை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லோருக்கும் குட்டைக்கரையில் நிற்கத்தான் ஆசை. நட்ட வருடம் வேறுபட்ட பகுதிகள், நடாமல் விட்ட மூலை, வேலி ஓரம் என்று பிரித்து வையுங்கள். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வதோடு தரையிலும் ஓர் அடையாளம் வேண்டும். ஒரு கல் நட்டு எண் எழுதினால் பத்து வருடம் நிற்கும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

தூரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் எவ்வளவு என்று கேட்டால் பத்துப் பேர் பத்துவிதமாகக் கை காட்டுவார்கள். கிரிக்கெட் பிட்ச் ஒன்று ஏறக்குறைய 20 மீட்டர், அதுபோல் இரண்டரை. முதல் நாள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நான்கு பக்கமும் நடந்து அளந்து, “அந்த நாவல் மரம் வரைக்கும், இந்தப் பக்கம் மின்கம்பம் வரைக்கும்” என்று எல்லைகளை வாயால் சொல்லி எழுதி வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஒரு வரிசை, வெளியே இருப்பது இன்னொரு வரிசை, தலைக்கு மேல் பறந்து போனது மூன்றாவது வரிசை. பள்ளிக்கரணைக்குப் போகும் கூழைக்கடாக் கூட்டம் உங்கள் தலைக்கு மேலே போனால் அது உங்கள் நிலத்தின் பறவை ஆகிவிடாது. எழுதுங்கள், ஆனால் மூன்றாவது வரிசையில்.

எண்ணும் காலை

சூரிய உதயத்தைப் பார்த்து நேரம் வையுங்கள், கடிகாரத்தைப் பார்த்து வைக்காதீர்கள். சென்னையில் ஜூன் மாதம் 5:45-க்கு முன்பே விடிந்துவிடும், ஜனவரியில் 6:30 தாண்டும். எப்போதும் ஆறரைக்கே தொடங்கினால் ஜூனில் முக்கால் மணி நேரத்தை இழப்பீர்கள், பறவை குறைந்துவிட்டது என்றும் நினைப்பீர்கள். உதயத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் முதல் புள்ளி, மூன்று மணி நேரத்துக்குள் கடைசிப் புள்ளி. மழை பெய்தாலோ இலைகள் நிற்காமல் ஆடும்படி காற்று அடித்தாலோ அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் ஒன்றாம் புள்ளிக்கு எப்போதும் விடியற்காலையும் ஐந்தாம் புள்ளிக்கு எப்போதும் வெயிலும் வந்து சேரும். முகத்துவாரத்தில் என்றால் ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதையும், குறியுங்கள். நீர் வற்றிச் சேறு தெரியும்போதுதான் உள்ளான்கள் இறங்கும்.

ஒரு புள்ளிக்கு மூன்று பேர் இருந்தால் கச்சிதம். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டே பின்பக்கத்தையும் கவனிக்க. ஆறு பேருக்கு மேல் ஒரு புள்ளியில் நின்றால் பறவைகள் நம்மை எண்ணத் தொடங்கிவிடும். போய் நின்றதும் தொடங்காதீர்கள். நாம் நடந்துவந்த சத்தத்தில் அடங்கியவை திரும்ப இயல்புக்கு வர இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு பத்து நிமிடம். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அக்கா, தவிட்டுக்குருவி அஞ்சு.”

“இருங்க தம்பி, இன்னும் வருது பாருங்க. ஆறு, ஏழு… எட்டு. உள்ள, பார்த்தது.”

“சின்னான்?”

“ரெண்டு பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு கத்துது, அதை வெளிய போடுங்க.”

தவிட்டுக்குருவிகள் ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பறக்கும். முதல் இரண்டைப் பார்த்து எழுதிவிட்டால் மீதி கணக்கில் வராது. கடைசிக் குருவி போகும்வரை பொறுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லை கரிச்சான். ஒரே கரிச்சான் பத்து நிமிடத்தில் நாலு கம்பத்தில் உட்காரும். ஒரே நேரத்தில் இரண்டைப் பார்த்தால்தான் இரண்டு என்று எழுதுங்கள். தகைவிலான் கூட்டம், கொக்குக் கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் கொண்டு, அதுபோல் எத்தனை என்று பாருங்கள். தோராயமான எண் தவறே இல்லை. எண்ணே போடாமல் விடுவதால்தான் பயன் இல்லாமல் போகும்.

பத்து நிமிடம் முடிந்தபின் ஆறுமணிக்குருவி கண்ணெதிரே வந்து நின்றாலும் அது கணக்கில் வராது. இதுதான் புதியவர்களுக்குச் செரிக்காத விதி. தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், புள்ளிக் கணக்கில் மட்டும் ஏற்றாதீர்கள். ஐந்து புள்ளி, புள்ளிக்குப் பன்னிரண்டு நிமிடம், இடையில் நடக்க ஐந்தாறு நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் விருப்பம்போல் சுற்றிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், டீ குடிக்கலாம்.

நிலத்தையும் எழுதுங்கள். எது பூத்திருக்கிறது, எது பழுத்திருக்கிறது, குட்டையில் நீர் எந்தக் கல்வரை நிற்கிறது, நாய்கள் வந்தனவா, யாராவது சருகைக் கூட்டினார்களா. கடைசியில் சொன்னது சின்ன விஷயம்போல் தெரியும். ஆறுமணிக்குருவி மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வந்து கோடைவரை தங்கும் பறவை. நிழலில் குவிந்த சருகை அலகால் புரட்டிப் புரட்டித்தான் புழு தேடும். மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி வைக்கும் பூங்காவில் அதற்குச் சாப்பாடு இல்லை. உங்கள் குறிப்பைக் காட்டிப் பெருக்குவதை நிறுத்தச் சொல்லலாம். அதுபோலவே சின்னான் உட்காரும் வேலிக்கம்பத்தின் அடியைப் பாருங்கள். ஊதாக் கறை படிந்த எச்சத்தில் கொட்டைகள் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே யாரும் நடாத கன்று முளைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். பறவை நட்ட மரம் அது.

மாதாமாதம் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரே திசையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். செல்போன் படம் போதும்.

சந்தேகம் வந்தால்

எல்லோருக்கும் வரும். குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவிகளிலும் உள்ளான்களிலும் இருபது வருடம் பார்த்தவர்களே தடுமாறுவார்கள். தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதாதீர்கள், விட்டும்விடாதீர்கள். “கதிர்க்குருவி, வகை தெரியவில்லை, 1” என்று எழுதுவது முழுமையான பதிவுதான்.

மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். கற்க மிகவும் உதவும், சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே கத்தும். ஆப் வல்லூறு என்று காட்டும், நீங்களும் நம்பி எழுதுவீர்கள், மரத்தில் உட்கார்ந்திருப்பது கரிச்சான். ஆப் ஒரு பெயரைச் சொன்னால் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள். பார்த்தபின் எழுதுங்கள், அல்லது குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தால் எழுதுங்கள்.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கணக்கெடுப்பில் அதற்கு இடமே இல்லை. வரவழைத்த பறவையை எண்ணினால் எண்ணிக்கையும் பொய், குஞ்சுக்கு இரை கொண்டுபோக வேண்டிய நேரத்தில் அதை வீணாக அலைக்கழித்த பாவமும் சேரும். கூட்டைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள். கிளையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்

நோட்டில் தூங்கும் கணக்கால் யாருக்கும் பயனில்லை. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் ஏற்றுவதுதான் இப்போது எல்லா இடத்திலும் வழக்கம். செலவில்லை, போனிலேயே செய்யலாம். பறவைப் பட்டியலை முன்னதாகத் தரவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

புள்ளிக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக ஏற்றுங்கள், ஐந்தையும் கலந்து ஒன்றாக்காதீர்கள். ஓரிடத்தில் நின்று எண்ணியதால் நிலையான (ஸ்டேஷனரி) வகை என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே பெயரை எப்போதும் பயன்படுத்துங்கள். “குட்டைக்கரை 3”, “குட்டை பக்கம்”, “பாண்ட் சைட்” என்று மாதத்துக்கு ஒரு பெயர் வைத்தால் பிறகு சேர்த்துப் பார்க்கவே முடியாது.

கடைசியில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதினீர்களா? புதியவர்கள் பலர் “எனக்கு ரெண்டு தெரியலையே” என்று நினைத்து இல்லை என்று போடுவார்கள். கேள்வி அதுவல்ல. அடையாளம் தெரிந்ததில் எதையும் வேண்டுமென்றே விடவில்லை என்றால் ஆம்தான் பதில். இந்த “ஆம்” இருந்தால்தான், பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதற்கும் பொருள் வரும். காகத்தை அலட்சியமாக விட்டால் இது போய்விடும். எண்ணுக்குப் பதிலாக “எக்ஸ்” என்று போடவும் வசதி உண்டு. கூடியவரை வேண்டாம்.

எண்ணிய மூன்று பேரும் தனித்தனியாக ஏற்றாமல் ஒருவர் ஏற்றி மற்றவர்களுக்குப் பகிருங்கள். அரிதான பறவை என்று தளம் கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள், எங்கே எப்படிப் பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பகுதி மதிப்பீட்டாளர்களும் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான். பார்த்தது, கேட்டது, உள்ளே, வெளியே என்ற விவரமெல்லாம் இ-பேர்ட்டில் முழுதாக அடங்காது. அதற்குக் குழுவின் சொந்த எக்செல் கோப்பு ஒன்று வேண்டும், இரண்டு பேரிடமாவது நகல் இருக்க வேண்டும். ஒருவர் வேலை மாறி வெளியூர் போனதும் மூன்று வருடக் கணக்கு அவர் லேப்டாப்போடு போவது நிறைய இடங்களில் நடக்கும் கதை.

எண்களை எப்படிப் படிப்பது

முதல் வருடம் எதையும் முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், மார்ச், ஏப்ரலில் கிளம்பும். ஆகவே மே மாத எண்ணை ஜனவரியோடு ஒப்பிட்டு “குறைந்துவிட்டது” என்று பதறக் கூடாது. ஜனவரியை அடுத்த ஜனவரியோடு ஒப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தையும் கொட்டித் தீர்த்த வருடத்தையும் ஒப்பிடும்போது மழையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை வகை என்ற எண்ணைவிட எந்த வகைகள் கூடின, எவை குறைந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கும் இடத்தில் மைனாவும் காகமும் குறைந்து, வெண்புருவச் சின்னானும் மாம்பழச்சிட்டும் கூடினால் வகைகளின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் நிலம் மாறுகிறது என்று பொருள். திறந்தவெளிப் பறவைகள் குறைவது அங்கே எதிர்பார்த்ததுதான். அதே குறைவு புல்வெளியில் நடந்தால் உடனே பேச வேண்டும்.

சீமைக் கருவேலம் விஷயத்தில் நிதானம் தேவை. அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பல ஏரிகளில் கொக்குகளும் நாரைகளும் இப்போது கூடு கட்டுவதே அதில்தான். ஒரேயடியாக வழித்தெடுத்தால் அடுத்த இரண்டு மூன்று வருடம் உங்கள் தாளில் எண்கள் சரியும். எந்தப் புள்ளியில், எந்த மாதத்தில் கூடுகள் இருந்தன என்ற உங்கள் பதிவு கையில் இருந்தால், கூடு காலியான பிறகு வெட்டுங்கள், இந்தப் பக்கத்தில் நாட்டு மரம் உயரும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவையுங்கள் என்று பொறுப்பாளரிடம் ஆதாரத்தோடு பேச முடியும். பறவை ஆர்வலர்கள் சும்மா கத்துகிறார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது.

ஆட்கள் மாறுவதும் எண்ணை மாற்றும். நன்றாகக் காது கேட்கும் ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலே வகைகள் கூடும். யார் எண்ணினார் என்பதை ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள். பழையவர் விலகும் முன் இரண்டு மூன்று மாதம் புதியவரோடு சேர்ந்து எண்ணட்டும்.

எப்போது தொடங்கலாம்

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஊரே சேர்ந்து எண்ணும் நாள்களில் போய்க் கலந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு நான்கு நாள்கள் நடக்கும். இந்தியா அதில் 2013 முதல் பங்கேற்கிறது. இரண்டிலும் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி ஏற்றினால் போதும், வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம். அங்கே உங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் அறிமுகமாவார்கள். அந்த நாலு பேரோடு மார்ச் மாதம் ஒரு நாள் நிலத்துக்குப் போய்ப் புள்ளிகளை அளந்து கல் நட்டுவிட்டால் ஏப்ரலில் முதல் கணக்கை எடுத்துவிடலாம். வலசைப் பறவைகள் போனபின் மிஞ்சும் உள்ளூர்ப் பறவைகளைப் பழகக் கோடைதான் வசதி. அக்டோபரில் புதியவை வரும்போது அந்த இருபதும் உங்களுக்கு அத்துப்படி ஆகியிருக்கும்.